500 கிராம் பாக்கெட்டில் எத்தனை கிராம்?

மதுரை கே.கே. நகரை ஒட்டி நாங்கள் நடத்திவரும் சிறிய மெஸ்ஸில் எந்தச் சரக்கும் கண்ணளவில் அடுக்களைக்குள் போவதில்லை. இத்தனை தட்டுக்கு இத்தனை பாக்கெட் என்று நோட்டில் எழுதித்தான் எடுத்துக் கொடுப்போம். மாலையில் மிச்சத்தைக் கழித்துப் பார்த்தால் அன்றைய வரவு செலவு தெரிந்துவிடும். அப்படி இருந்தும், காலை வேளைக்குப் போடும் சேமியா கிச்சடி சில வாரங்களாகவே கணக்கைவிட இரண்டு மூன்று தட்டு முன்னதாகத் தீர்ந்துபோய்க்கொண்டிருந்தது. இப்படி ஏதாவது குறைந்தால் சந்தேகம் முதலில் கரண்டி பிடிப்பவர் மீதுதான் விழும் என்பது சாப்பாட்டுத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எங்கள் சமையல்கார அக்கா பல காலம் கல்யாண வீடுகளில் அண்டா ஏற்றி இறக்கியவர். "தண்ணி அதே செம்புலதான் அளந்து ஊத்துறேன், கிச்சடி மட்டும் கொழகொழன்னு போகுது. குறையறது சேமியாதாம்மா. பாக்கெட்ட எடை போட்டுப் பாருங்க" என்று அவர் சொன்னதில் மறுக்க முடியாத நியாயம் இருந்தது. தண்ணீர் மாறாமல் கிச்சடி குழைகிறது என்றால், அதில் விழுகிற சேமியாவின் அளவு குறைந்திருக்க வேண்டும்.

எடை போடுவது எளிய வேலை போலத் தெரிந்தாலும், எந்தத் தராசில் போடுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. காய்கறிக்காக நாங்கள் வைத்திருப்பது கடைகளில் எல்லாம் இருக்கும் 30 கிலோ மின்னணுத் தராசு. அதன் தகட்டைக் குனிந்து பார்த்தால், அதிகபட்சம் 30 கிலோ, குறைந்தபட்சம் 100 கிராம், இ = 5 கிராம் என்று பொறித்திருக்கும். அந்தத் தராசு 5 கிராம் படியாகத்தான் எண்ணைக் காட்டும் என்பதும், 100 கிராமுக்குக் கீழே அது காட்டுவதை நம்பக் கூடாது என்பதும் அதன் பொருள். 60 கிராம் பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கி அதில் வைத்துவிட்டு, ஐந்து கிராம் குறைகிறது என்று கடைக்காரரிடம் சண்டை பிடிப்பதில் பயனில்லை. பாக்கெட்டைச் சோதிக்க வேண்டுமானால் 1 கிராம் படியில் காட்டும் சிறிய சமையலறைத் தராசு வேண்டும். நாங்கள் அதில் ஒன்று வாங்கினோம்.

வாங்கிய தராசையும் அப்படியே நம்பிவிட முடியாது. பக்கத்து மளிகைக் கடையில் முத்திரை குத்திய அரைக்கிலோ எடைக்கல் ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கி வைத்துப் பார்த்ததில் தராசு சரியாகவே காட்டியது. எடைக்கல் கிடைக்காதவர்கள் 10 ரூபாய் நாணயங்களைப் பயன்படுத்தலாம். இரு உலோகத்தாலான அந்த நாணயம் ஒன்றின் எடை 7.71 கிராம் என்பதால், பளபளப்புப் போகாத பத்து நாணயங்களைச் சேர்த்து வைத்தால் தராசு 77 கிராம் காட்ட வேண்டும். மேடை சமமாக இருக்க வேண்டும், மின்கலம் புதிதாக இருக்க வேண்டும், மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். கடைசியில் சொன்னது அற்பமாகப் படலாம், ஆனால் தலைக்கு மேல் விசிறி சுழலும்போது லேசான பாக்கெட்டின் எடை இரண்டு கிராம் ஏறி இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

சேமியா பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே தராசில் வைத்தபோது 494 காட்டியது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் ஆறுதல் அடைந்துவிடுவார்கள். 500-க்கு 494 என்பது பெரிய குறையாகத் தோன்றாது. ஆனால் உறையில் அச்சிடப்படுவது நிகர எடை, அதாவது உறை நீங்கலாக உள்ளே இருக்கும் பண்டத்தின் எடை மட்டுமே. ஓரத்தைக் கத்தரித்து, சேமியாவை எவர்சில்வர் தட்டில் கொட்டி, உறையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டி, மடிப்பில் சிக்கியிருந்த தூளையும் விரலால் வழித்துப் போட்டுவிட்டு, வெறும் உறையைத் தனியாக வைத்தேன். அது 6 கிராம் இருந்தது. உள்ளே இருந்த சேமியா 488 கிராம். அதே பெட்டியில் வந்த மற்றப் பாக்கெட்டுகளையும் அந்த 6 கிராமைக் கழித்து வரிசையாக எடை போட்டோம். மிகக் குறைந்தது 484, மிக அதிகமானது 492. இருபது பாக்கெட் கொண்ட அந்தப் பெட்டியில் ஒன்றுகூட 500-ஐத் தொடவில்லை. சராசரி 488 என்று வைத்தால் பெட்டிக்கு 240 கிராம் குறைவு, கிட்டத்தட்ட அரைப் பாக்கெட். இரண்டு மூன்று தட்டு எங்கே போயிற்று என்பதற்கு விடை கிடைத்துவிட்டது.

இதைத் திருட்டு என்று உடனே சொல்லிவிடலாமா என்றால், அங்கேதான் பலரும் அறியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தியாவில் பாக்கெட் எடையைக் கட்டுப்படுத்துவது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன் கீழ் 2011-இல் வந்த பொட்டலப் பொருட்கள் விதிகளும் ஆகும். எந்த எந்திரத்தாலும் ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒரே எடையில் நிரப்ப முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, தனித்த ஒரு பாக்கெட்டில் எவ்வளவு வரை பிழை இருக்கலாம் என்று அந்த விதிகள் ஓர் அட்டவணையே வைத்திருக்கின்றன. 50 கிராம் வரை உள்ள பாக்கெட்டுக்கு 9 விழுக்காடு. 50-க்கு மேல் 100 வரை 4.5 கிராம், 100 முதல் 200 வரை 4.5 விழுக்காடு, 200 முதல் 300 வரை 9 கிராம், 300 முதல் 500 வரை 3 விழுக்காடு, 500 முதல் 1 கிலோ வரை 15 கிராம், அதற்கு மேல் 10 கிலோ வரை ஒன்றரை விழுக்காடு. இதன்படி 500 கிராம் சேமியாவுக்கு 15 கிராம் வரை பிழை அனுமதி உண்டு. 484 காட்டிய ஒரு பாக்கெட்டைத் தவிர, எங்கள் பெட்டியில் இருந்த மற்ற எல்லாமே தனித்தனியாகப் பார்த்தால் அந்த எல்லைக்குள் அடங்குபவைதான்.

ஆனால் அந்தச் சலுகை ஒரு பாக்கெட்டுக்குத்தான், மொத்தச் சரக்குக்கு இல்லை. ஒரு தொகுதியில் மாதிரி எடுத்துச் சோதிக்கும்போது, அவற்றின் சராசரி நிகர எடை உறையில் எழுதிய எடைக்குக் குறையக் கூடாது. ஒன்று 492 என்றால் இன்னொன்று 508 இருக்க வேண்டும். குறைவும் கூடுதலும் ஒன்றையொன்று சமன் செய்ய வேண்டும். எல்லாப் பாக்கெட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால், சலுகையையே அளவாக வைத்து நிரப்பியிருக்கிறார்கள் என்றோ, எந்திரத்தைக் கவனிக்கவே இல்லை என்றோதான் பொருள். ஆகவே ஒற்றைப் பாக்கெட்டை எடை போட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. உறவினர் குழுக்களில் வாட்ஸ்அப் வழியாக வரும் 'இதோ பாருங்கள், 8 கிராம் குறைகிறது' என்ற படங்களில் பெரும்பாலானவை எதையும் நிரூபிப்பதில்லை. ஒரே தொகுதி எண் கொண்ட ஐந்தாறு பாக்கெட்டுகளாவது கையில் இருந்தால்தான் பேச முடியும்.

கீழமாசி வீதியில் நாங்கள் சரக்கெடுக்கும் மொத்தக் கடை அண்ணாச்சியிடம் நோட்டைக் காட்டியபோது அவர் கோபப்படவில்லை, அலுத்துக்கொண்டார். "ஏம்மா, கம்பெனி ஒட்டி அனுப்புற பாக்கெட்ட நான் பிரிச்சா பாக்க முடியும்? பெட்டிய எறக்குறேன், பெட்டிய ஏத்துறேன். இதுல எனக்கு நிக்கிறதே காசுக் கணக்குதான்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நிரப்பி ஒட்டிய பாக்கெட்டின் எடைக்கு முதல் பொறுப்பு அதை நிரப்பியவருடையது. கடைக்காரர்மீது பாய்வதால் நமக்கு ஒரு பாக்கெட் மாற்றித் தருவார்கள், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. அண்ணாச்சியிடம் நான் கேட்டு வாங்கியது தொகுதி எண் எழுதிய பில் மட்டுமே. வழக்கமாகத் துண்டுச் சீட்டில் எழுதித் தருபவர், அன்று முணுமுணுத்துக்கொண்டே அச்சிட்ட பில் போட்டுக் கொடுத்தார்.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் நுகர்வோர் புகாருக்கான தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும் என்பது அந்த விதிகளில் உள்ள கட்டாயம். அந்த முகவரிக்கு, எடைப் பட்டியலையும் தொகுதி எண்ணையும் பில்லின் படத்தையும் சேர்த்து எழுதினேன். பெரிய நிறுவனமாக இருந்திருந்தால் நாள் கழித்து ஆங்கிலத்தில் ஓர் அச்சுப்பதில் வந்திருக்கும். இது விருதுநகர் பக்கத்துச் சிறு நிறுவனம் என்பதால் உரிமையாளரே தொலைபேசியில் அழைத்தார். முதலில் ஒரு பெட்டி இலவசமாக அனுப்புகிறேன் என்றார். வேண்டாம், எதனால் குறைகிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். "நேர்ல வந்து பாருங்கம்மா, போன்ல சொன்னா புரியாது" என்றார். ஓர் ஊர் விசேஷத்துக்கு அந்த வழியாகப் போனபோது உண்மையாகவே போய்ப் பார்த்தோம்.

அங்கே நான் பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்துச் சிறு பாக்கெட் நிறுவனங்களில் பெரும்பாலானவற்றில் நடப்பது இதுதான். மேலே ஒரு பெரிய கூம்புத் தொட்டியில் சேமியா கொட்டப்படுகிறது. அதன் கீழே வட்டத் தட்டு ஒன்று சுழல்கிறது. தட்டில் எவர்சில்வர் கோப்பைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. கோப்பை தொட்டிக்குக் கீழே வரும்போது நிரம்புகிறது, ஒரு பட்டை மேற்புறத்தை வழித்துவிடுகிறது, அடுத்த இடத்தில் கோப்பையின் அடி திறந்து சேமியா உறைக்குள் விழுகிறது. இந்த எந்திரம் எதையும் எடை போடுவதில்லை. படியால் அளப்பது போலக் கொள்ளளவைத்தான் அளக்கிறது. காலையில் ஆரம்பிக்கும்போது இரண்டு மூன்று பாக்கெட்டை எடை போட்டுப் பார்த்து, கோப்பையின் உயரத்தை ஒரு திருகால் ஏற்றி இறக்கிச் சரி செய்துகொள்கிறார்கள். அதோடு சரி. அந்தத் தொகுதியில் சேமியா வழக்கத்தைவிட நீளமாக உடைந்திருந்தது. நீளமான துண்டுகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு நின்றுகொள்வதால் இடையில் காற்று அதிகம், அதே கோப்பையில் எடை குறைவு. மாவுப் பொருள்களிலும் இதே கதைதான்: அரவை நைசாக இருந்தால் ஒரு கணக்கு, குருணையாக இருந்தால் வேறு கணக்கு. பெரிய நிறுவனங்களில் நிரப்பிய பிறகு ஒவ்வொரு பாக்கெட்டும் ஓடும் பட்டையிலேயே ஒரு தராசின் மீது கடந்து போகும். குறைந்ததைத் தானாகவே தள்ளிவிடும். அந்தத் தராசை வாங்குகிற வசதி தனக்கு இல்லை என்றார் அவர். வசதி இல்லாவிட்டால் அரை மணிக்கு ஒரு முறை ஐந்து பாக்கெட்டைக் கைத்தராசில் வைத்து நோட்டில் எழுதச் சொல்லலாமே என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. குறை எந்திரத்தில் தொடங்கியிருக்கலாம், ஆனால் அதன் நட்டம் எப்போதும் வாங்குபவர் தலையிலேயே விழுவது எந்திரத்தால் அல்ல. திருகு அதிகமாக ஏறியிருந்தால் அன்று மாலையே கண்டுபிடித்திருப்பார்கள்.

எடை குறைவதற்கு நிரப்புகிறவர் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. மதுரையில் கட்டப்படும் அப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஈரப்பதத்தோடு அடுக்கிக் கட்டப்படும் பண்டம். மெல்லிய உறையில் கட்டி, சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கிட்டங்கியில் கிடந்தால் ஈரம் உலர்ந்து எடை இறங்கும். மாவு, பருப்பு, மிளகாய்க்கும் ஓரளவு இது பொருந்தும். 500 கிராமில் ஒரு விழுக்காடு ஈரம் போனாலும் 5 கிராம் போய்விடும். இதை அறிந்த பழைய அப்பளக்காரர்கள் கட்டும்போதே சிறிது கூடுதலாக வைத்துவிடுவார்கள். ஆகவே அப்பளப் பாக்கெட் லேசாகக் குறைந்தால், கட்டிய மாதத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவதுதான் நியாயம். புதிதாகக் கட்டிய பாக்கெட்டே குறைந்தால் அதற்கு வெயிலைக் காரணம் சொல்ல முடியாது.

எடைக் குறைவு என்று நினைத்து நாம் கொதிப்பவற்றில் சில எடைக் குறைவே அல்ல. பிஸ்கட், டீத்தூள், எண்ணெய் போன்றவற்றை இன்னின்ன எடைகளில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று முன்பு ஒரு பட்டியல் இருந்தது. 2021-இல் செய்த திருத்தம் அதை நீக்கிவிட்டது. அதன் பிறகு 10 ரூபாய் பாக்கெட் 10 ரூபாயாகவே இருக்க, உள்ளே இருப்பது மட்டும் சத்தமில்லாமல் இளைத்துக்கொண்டு வருகிறது. இளைத்த எடையை உறையில் சரியாக எழுதிவிட்டால் அது குற்றமில்லை. எனக்கு இது எடைக் குறைவைவிடவும் எரிச்சல் தருகிற விஷயம், ஆனால் இதற்குப் புகார் எழுதி ஒன்றும் ஆகாது. அதே திருத்தம் கொண்டுவந்த ஒரு நன்மை, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் உறையில் எழுத வேண்டும் என்ற விதி. அந்தச் சிறிய எழுத்தைப் பார்த்து வாங்கப் பழகியதிலிருந்து, பெரிய பாக்கெட்தான் மலிவு என்ற எங்கள் நம்பிக்கை சில பண்டங்களில் தப்பு என்று தெரிந்தது.

எண்ணெயில் இன்னொரு விதமான குழப்பம் உண்டு. ஒரு லிட்டர் கடலெண்ணெய் ஒரு கிலோ இருக்காது, சுமார் 910 கிராம்தான் இருக்கும். எண்ணெய் சூட்டில் விரியும் என்பதால் ஒரே லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் சுமார் 919 கிராமும், 60 டிகிரியில் சுமார் 893 கிராமும் இருக்கும். சில நிறுவனங்கள் உயர்ந்த வெப்பநிலையைச் சின்ன எழுத்தில் போட்டு, அந்தக் கணக்கில் லிட்டர் நிரப்பி வந்தன. ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் தலையிட்டு, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் எடையையும் எழுத வேண்டும் என்று சொல்லி, திருத்திக்கொள்ள 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது. ஆகவே எண்ணெய் பாக்கெட்டில் லிட்டரைப் பார்க்காமல், கூடவே எழுதியிருக்கும் கிராமை வைத்து எடை போட்டுப் பார்ப்பது நல்லது. பாலுக்குக் கணக்கு எதிர்ப்பக்கம்: பால் தண்ணீரைவிடக் கனமானது என்பதால் அரை லிட்டர் பால் ஏறத்தாழ 515 கிராம் இருக்க வேண்டும், தராசு உறையோடு சேர்த்து 500 காட்டினால் அது குறைவு.

அரிசி மூட்டை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை உள்ள, பெயர் அச்சிட்டுக் கட்டிய அரிசிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது, அதைத் தவிர்க்கத் தமிழ்நாட்டு ஆலைகள் பலவும் 26 கிலோ மூட்டைக்கு மாறிவிட்டன. மூட்டை விலையை மட்டும் பார்த்து இந்தக் கடை மலிவு, அந்தக் கடை விலை அதிகம் என்று முடிவு செய்யாமல், கிலோ விலையாக வகுத்துப் பார்க்க வேண்டும்.

புகாருக்குத் திரும்புகிறேன். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. எடைக் குறைவுக்கு உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போய், அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தத் துறை பார்ப்பது பண்டத்தின் தரத்தை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் தமிழில் சொல்லிப் பதிவு செய்யலாம். அவர்கள் நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பதில் பெற முயல்வார்கள், ஆனால் தண்டிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. சட்டம் இயற்றப்பட்டபோது, அனுமதித்த பிழையை மீறி எடை குறைத்து நிரப்பியவருக்கு முதல் முறை 10,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம் என்று வைத்தது. சிறு நிறுவனத்துக்கு அது உறைக்கும். பெரிய நிறுவனத்துக்கு அது ஒரு பொருட்டா என்பது வேறு கேள்வி.

இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. ஆனால் எங்களைப் போல வியாபாரத்துக்கு வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரு முடிச்சு உண்டு. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கினேன் என்று காட்டினால்தான் விலக்கு. மெஸ், டீக்கடை, இட்லிக் கடை நடத்துகிறவர்கள் இந்த வாதத்தை எதிர்த்தரப்பு கிளப்பும் என்று எதிர்பார்த்துத்தான் போக வேண்டும். எடையளவுச் சட்டத்தின் கீழ் கொடுக்கும் மனுவுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதால், நான் தொழிலாளர் துறைக்கு மட்டும் எழுதினேன்.

ஆணையங்கள் இப்படிப்பட்ட சின்னக் குறைகளைக் கண்டுகொள்ளாது என்ற எண்ணம் தவறு. 2023-இல் திருவள்ளூர் மாவட்ட ஆணையம், உறையில் 16 பிஸ்கட் என்று அச்சிட்டு 15 மட்டும் வைத்த ஒரு பெரிய நிறுவனத்துக்கு 1 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. எடையில்தான் விற்கிறோம், எண்ணிக்கையில் அல்ல என்றும், எடைப்பிழை அனுமதிக்கப்பட்டதுதான் என்றும் நிறுவனம் சொன்ன சமாதானங்களை ஆணையம் ஏற்கவில்லை. 2024-இல் கேரளத்தின் திருச்சூர் ஆணையம், 300 கிராம் என்று எழுதிய பிஸ்கட் பாக்கெட்டுகள் 268, 249 கிராம் இருந்த வழக்கில் இழப்பீடும் செலவும் சேர்த்து 60,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. 300 கிராமுக்கு அனுமதி 9 கிராம்தான் என்பதை மேலே சொன்ன அட்டவணையோடு வைத்துப் பார்த்தால், 51 கிராம் குறைவு எத்தனை பெரியது என்று விளங்கும். அந்த வழக்கு நின்றதற்கு முக்கியக் காரணம், வாங்கியவர் தன் வீட்டுத் தராசோடு நிறுத்திக்கொள்ளாமல் எடையளவுத் துறையிடம் கொண்டுபோய் எடை போட வைத்ததுதான்.

பாக்கெட் விற்கும் பக்கத்திலும் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள் கேட்டதால் பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் 100 கிராம் பாக்கெட்டாகப் போட்டுக் கொடுக்கிறோம். அப்படி முன்கூட்டியே கட்டி வைத்த அந்த நிமிடத்திலேயே நாமும் சட்டத்தின் பார்வையில் பொட்டலமிடுபவர் ஆகிவிடுகிறோம். பெயர், முகவரி, நிகர எடை, கட்டிய மாதம், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, புகார் எண் எல்லாம் எழுத வேண்டும், பொட்டலமிடுபவராகப் பதிவும் செய்துகொள்ள வேண்டும். குழுவாகச் சேர்ந்து வத்தல், வடகம், ஊறுகாய் போடும் பெண்கள் பலர் இதைச் செய்யாமல், சோதனை வந்த பிறகு அழுகிறார்கள். எடையைப் பொறுத்தவரை, நாங்கள் உறையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு 102 வரும் வரை போடுகிறோம். அந்த 2 கிராம் பொடியின் விலையைக் கணக்குப் பார்த்தால் சில்லறைக் காசுதான். ஈரம் உலர்ந்தாலும், வேலை செய்கிற பெண் கொஞ்சம் அவசரப்பட்டாலும் சராசரி 100-க்குக் கீழே போகாது.

ஸ்வீட் கடைகளில் அட்டைப் பெட்டியோடு சேர்த்து எடை போடுவதும் இதே வகைதான், ஆனால் அதற்குப் புகார் எல்லாம் தேவையில்லை. "பெட்டிய வச்சு சைபர் போட்டுட்டு இனிப்ப வைங்க தம்பி" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், எந்தக் கடையிலும் மறுப்பதில்லை. சந்தேகம் இருந்தால் தராசில் இருக்கும் முத்திரையைப் பார்க்கலாம்: மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மறுமுத்திரை இட வேண்டும், அதில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் காலாண்டைக் குறிக்கும் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளில் ஒன்றும் இருக்கும்.

எங்கள் மனுவுக்குப் பிறகு, கிட்டங்கியில் இருந்த சரக்கைத் துறையினர் வந்து எடை போட்டதாக அண்ணாச்சி சொன்னார். அடுத்தடுத்து வந்த பெட்டிகளில் அதே சேமியா 498-க்கும் 506-க்கும் நடுவில் நிற்கிறது. அதையேதான் இன்னும் வாங்குகிறோம், புதுப் பெட்டி பிரிக்கும்போது நாலைந்து பாக்கெட்டைத் தராசில் வைத்துவிட்டு.

புகார் கொடுக்க நினைப்பவர்கள் பிரித்த பாக்கெட்டை நம்பிப் போக வேண்டாம். பிரித்த பிறகு கொஞ்சம் எடுத்துவிட்டீர்கள் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு நொடி ஆகாது. ஒன்றைப் பிரித்து உறையின் எடையைத் தெரிந்துகொண்டு, அதே தொகுதியில் மற்றவற்றைப் பிரிக்காமல் எடை போட்டு, தராசின் எண்ணும் தொகுதி எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து வைக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்றாலும், நம் ஊர் வெயிலில் பாக்கெட்டும் அத்தனை நாள் எடை மாறாமல் இருக்காது. ஆகையால் வாங்கிய வாரத்திலேயே மனுவைக் கொடுத்துவிட்டு, பிரிக்காத பாக்கெட்டுகளை மூடி இறுகிய டப்பாவில் பில்லோடு சேர்த்துப் போட்டு, அடுப்பின் சூடு படாத அலமாரியில் வைத்துக்கொள்வது நல்லது.